படகுல துப்பாக்கி எடுத்துட்டு போலாமா? - வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ராத்திரி நங்கூரம் போட்டுட்டு நிம்மதியா தூங்கறது எப்படின்னு எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கடிதங்கள்ல நங்கூரத்த பத்தி யாருமே கேக்கல, எல்லாரும் சுத்தி சுத்தி வந்து நிக்கறது ஒரே இடத்துல தான், துப்பாக்கி. சரி, இந்த இதழ் முழுக்க அதுக்கே ஒதுக்கிடுவோம்.

கேள்வி: சார், வேலைல இருந்து ஓய்வு வாங்கினதும் நானும் மனைவியும் 38 அடி பாய்மரப் படகுல ரெண்டு மூணு வருஷம் நாடு நாடா சுத்தலாம்னு இருக்கோம். என்கிட்ட லைசென்ஸ் எடுத்த ஷாட்கன் ஒண்ணு இருக்கு, அது படகுல இருக்கணும்னு நான் சொல்றேன், அது ஏறினா நான் ஏற மாட்டேன்னு அவங்க சொல்றாங்க. நீங்க தான் தீர்ப்பு சொல்லணும்.

பதில்: அவங்க ஏறட்டும் சார், துப்பாக்கி கரையிலயே இருக்கட்டும்.

உங்க பயத்த நான் கேலி பண்ணல. நடுக்கடல்ல ரெண்டே பேர், கத்தினா ஓடி வர ஆள் கிடையாது, அப்ப கைல ஏதாவது ஒண்ணு இருந்தா தேவலன்னு தோணறது இயல்பு தான். ஆனா நீங்க யோசிக்கறது யாரோ ஒருத்தன் ஏறி வர அந்த ஒரு நிமிஷத்த மட்டும், மிச்ச நாள் பூரா அந்த துப்பாக்கிய வெச்சுகிட்டு என்ன பண்ணப் போறீங்கன்னு யோசிச்சீங்களா? உங்க லைசென்ஸ் உங்க நாட்டு எல்லையோட முடிஞ்சுது. அதுக்கப்புறம் நீங்க நிக்கற ஒவ்வொரு துறைமுகமும் வேற நாடு, வேற சட்டம், வேற அதிகாரி. பஹாமாஸ்ல உள்ள நுழையும்போதே துப்பாக்கியோட மேக், மாடல், சீரியல் நம்பர், தோட்டா எத்தனைன்னு எண்ணி எழுதிக் குடுக்கணும், படகுலயே பூட்டி வெச்சுக்கலாம், கரைக்கு கொண்டு வரக்கூடாது, ஒப்பிட்டுப் பாக்கும்போது இது தாராளமான நாடு. கரீபியன்லயே மத்த பல தீவுகள்ல கஸ்டம்ஸ் இல்லன்னா போலீஸ் வாங்கி வெச்சுக்குவாங்க, கிளம்பும்போது தான் திருப்பித் தருவாங்க. சிங்கப்பூர்ல அனுமதி இல்லாம வெச்சிருந்தாலே குறைஞ்சது 5 வருஷம் ஜெயில், பிரம்படி தனி. பிரிட்டன்ல 1996ல டன்பிளேன் பள்ளிக்கூடத்துல நடந்த கொலைகளுக்கு அப்புறம் 1997ல கைத்துப்பாக்கிய கிட்டத்தட்ட முழுசாவே தடை பண்ணிட்டாங்க. மெக்சிகோல 2012ல ஒரு முன்னாள் அமெரிக்க மரைன் படை வீரர் தாத்தா காலத்து பழைய ஷாட்கன் ஒண்ணோட எல்லைய தாண்டினாரு, ஒளிக்கக் கூட இல்ல, அமெரிக்கப் பக்க அதிகாரிங்ககிட்ட காட்டி ஃபார்ம் எழுதிக் குடுத்துட்டு தான் போனாரு, அப்படியும் ஆகஸ்ட்ல உள்ள போனவரு வெளிய வரதுக்கு டிசம்பர் ஆயிடுச்சு. அவர் போனது ரோட்டு வழி, ஆனா படகுல வந்தா சட்டம் ஒண்ணும் கண்ண மூடிக்காது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். போலீஸ்கிட்ட ஒப்படைச்சத எங்க வாங்கணும்? பெரும்பாலும் ஒப்படைச்ச அதே துறைமுகத்துல. நீங்க ஒரு தீவோட வடக்குல உள்ள வந்துட்டு, ஒரு மாசம் அப்படியே தெற்க இறங்கி அங்கருந்து அடுத்த நாட்டுக்கு கிளம்பலாம்னு இருப்பீங்க, துப்பாக்கி வடக்குல இருக்கும். அத வாங்கறதுக்காக காத்துக்கு எதிரா திரும்பி போகணும். இத ரெண்டு தடவ பண்ணினவங்க மூணாவது தடவ துப்பாக்கிய வித்துட்டு வந்துடறாங்க.

அத விட பெரிய கூத்து என்னன்னா, யாட்டுல, அதாவது நம்மள மாதிரி சொந்த பாய்மரப் படகுல, போறவங்களுக்கு நடக்கற திருட்டு, ஏறி மிரட்டறது எல்லாம் அதிகம் நடக்கறது நடுக்கடல்ல இல்ல, கரையோரமா நங்கூரம் போட்டு நிக்கற இடத்துல தான். அந்த நேரத்துல உங்க துப்பாக்கி எங்க இருக்கும்? போலீஸ் ஸ்டேஷன் அலமாரில, இல்லன்னா கஸ்டம்ஸ் சீல் வெச்ச பெட்டிக்குள்ள. பெரும்பாலும் எவனும் வராத நடுச்சமுத்திரத்துல மட்டும் அது உங்க கைலயே இருக்கும். தேவைப்படற எடத்துல இல்லாம தேவைப்படாத எடத்துல இருக்கற சாமானுக்காக இவ்ளோ பேப்பர் வேலையா சார்?

கேள்வி: கரைல இருந்து 12 மைல் தாண்டிட்டா எந்த நாட்டு சட்டமும் இல்லையே, அங்க யாரு கேக்கப் போறா?

பதில்: பாதி தான் சரி. ஐநா கடல் சட்ட ஒப்பந்தப்படி 12 நாட்டிகல் மைல் (கடல் மைல்) வரைக்கும் கரையோர நாட்டோட கடல், 24 வரைக்கும் கஸ்டம்ஸ் விஷயத்துல அவங்க கை வைக்கலாம், அதுக்கு வெளிய திறந்த கடல்ல உங்க படகு எந்த நாட்டு கொடி கட்டியிருக்கோ அந்த நாட்டு சட்டம் உங்க மேல இருக்கு. சட்டமே இல்லாத இடம்னு ஒண்ணு கடல்ல கிடையாது. அடுத்த நாட்டு 12 மைலுக்குள்ள சும்மா கடந்து போக உங்களுக்கு உரிமை உண்டு, ஆனா அங்க எந்த ஆயுதத்த வெச்சு பயிற்சி பண்ணினாலும் அது அமைதியான பயணம் இல்லன்னு ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கு, அதனால பாட்டில மிதக்க விட்டு குறி பாக்கற ஐடியா எல்லாம் வேண்டாம்.

அந்த கோட்டுக்கு வெளிய இருந்தோமா உள்ள இருந்தோமான்றதே எவ்ளோ பெரிய தலைவலின்னு பாக்கணும்னா சீமேன் கார்டு ஓஹையோ கேஸ பாருங்க. கப்பல்களுக்கு ஆயுதக் காவலர் குடுக்கற ஒரு அமெரிக்க கம்பெனியோட கப்பல், 2013 அக்டோபர்ல இந்தியக் கடலோரக் காவல்படை பிடிச்சு தூத்துக்குடிக்கு கொண்டு வந்தாங்க, 35 பேர் கைது, அதுல பிரிட்டிஷ், எஸ்டோனியா, உக்ரைன், இந்தியான்னு எல்லாரும் இருந்தாங்க. துப்பாக்கிக்கு பேப்பர் இருக்கு, நாங்க காவலர் தான், கொள்ளைக்காரங்க இல்லன்னு சொல்லிப் பாத்தாங்க. 2016ல 5 வருஷம் தண்டனை, 2017 நவம்பர்ல ஹைகோர்ட் விடுதலை பண்ணுச்சு. கடைசில ஜெயிச்சாங்க, சரி, நடுவுல போன 4 வருஷம்? அவங்களுக்கு பின்னாடி ஒரு கம்பெனி, தூதரகம், வக்கீல் கூட்டம்லாம் இருந்துச்சு. 38 அடி படகுல போற புருஷன் பொண்டாட்டிக்கு யார் இருக்கா?

கேள்வி: சரக்குக் கப்பல்ல எல்லாம் ஆயுதக் காவலர் வெச்சுக்கறாங்களே, அது வேலை செய்யுதுல்ல, நாம மட்டும் ஏன் கூடாது அண்ணே?

பதில்: வேலை செஞ்சுது, இல்லன்னு சொல்லல. சோமாலியா கடத்தல் உச்சத்துல இருந்தப்ப காவலர் இருந்த கப்பல் ஒண்ணு கூட கடத்தப்படலன்னு அந்த துறைல இருக்கறவங்க சொல்வாங்க. ஆனா அந்தக் கப்பல எப்பவாவது பக்கத்துல நின்னு பாத்தீங்களா தம்பி? தண்ணில இருந்து மேல்தளம் பல மீட்டர் உயரம், சுத்தி முள்கம்பி, நல்ல வேகம், பயிற்சி எடுத்த நாலு பேர் மாத்தி மாத்தி முழிச்சிருப்பாங்க, எப்ப எச்சரிக்கை வெடி, எப்ப நேரா சுடறதுன்னு எழுதி வெச்ச விதி இருக்கு, துப்பாக்கிய துறைமுகத்துக்குள்ள கொண்டு போகக்கூடாதுன்னு கடல்லயே மிதக்கற ஆயுதக் கிடங்குக் கப்பல்ல இறக்கி வெச்சுட்டு போவாங்க. நம்ம படகுல காக்பிட், அதாவது ஓட்டறவர் உக்கார்ற இடம், தண்ணில இருந்து ஒரு மீட்டர் உயரம் இருந்தா அதிகம், வேகம் மணிக்கு ஆறு நாட்டிகல் மைல், ஆட்டத்துல குறியே நிக்காது, சுவர் ஃபைபர் கிளாஸ், ஏகே-47 தோட்டா அதுல ஒரு பக்கம் பூந்து இன்னொரு பக்கம் போயிடும். ரெண்டும் ஒண்ணில்ல.

கேள்வி: இதுவரைக்கும் துப்பாக்கி யாரையுமே காப்பாத்தினது இல்லையா? ஒருதலைப்பட்சமா பேசாதீங்க சார்.

பதில்: காப்பாத்தியிருக்கு. நீங்க கேட்டதால முழுசாவே சொல்றேன்.

2005 மார்ச்ல மஹ்தி, காண்டால்ஃப்னு ரெண்டு அமெரிக்க பாய்மரப் படகுங்க ஓமன்ல இருந்து ஏடனுக்கு சேந்து போய்ட்டிருந்தாங்க. ஏமன் கரைக்கு வெளிய பட்டப்பகல்ல ஆளுங்க நிறைஞ்ச படகுங்க வந்து நேரா காக்பிட்ட பாத்தே சுட ஆரம்பிச்சாங்க. மஹ்தி ஸ்கிப்பர்கிட்ட, அதாவது படக ஓட்டறவர்கிட்ட, 12 கேஜ் ஷாட்கன் இருந்துச்சு, திருப்பி சுட்டாரு. காண்டால்ஃப் ஸ்கிப்பர்கிட்ட துப்பாக்கி இல்ல, அவர் என்ன பண்ணாருன்னா எஞ்சின முழுசா முடுக்கி தன்னோட படகயே கொண்டு போய் அவங்க படகு மேல ஏத்திட்டாரு. ரெண்டு படகும் தோட்டா ஓட்டைகளோட ஏடன் போய் சேந்துச்சு, நாலு பேருக்கும் கீறல் கூட இல்ல. துப்பாக்கி வேணும்னு சொல்றவங்க இருபது வருஷமா இந்தக் கதைய தான் சொல்லிட்டு வராங்க, சொல்லட்டும், உண்மை தான். ஆனா அந்த தாக்குதல் நடந்த விதத்த கவனிங்க, பகல் வெளிச்சம், வந்தவன் முதல்லயே சுட்டுட்டான், அதனால யாருன்ற சந்தேகமே இல்ல, பக்கத்துல துணைக்கு இன்னொரு படகு, அந்தப் படகோட மோதல் பாதி வேலைய முடிச்சுடுச்சு. எல்லாம் ஒரே நேரத்துல அமைஞ்சுது.

இப்ப அடுத்தது. பீட்டர் பிளேக்னா பாய்மரப் படகு உலகத்துல தெரியாதவங்க இல்ல, நியூசிலாந்துக்கு 1995லயும் 2000லயும் அமெரிக்கா கோப்பைன்ற பாய்மரப் படகுப் பந்தயத்த ஜெயிச்சுக் குடுத்த மனுஷன். 2001 டிசம்பர் 5 ராத்திரி, அமேசான் முகத்துவாரத்துல மக்காபா ஊருக்குப் பக்கத்துல அவரோட சீமாஸ்டர் நங்கூரம் போட்டு நிக்குது, 36 மீட்டர் படகு, கூட ஆளுங்களும் இருக்காங்க. முகமூடி போட்டவங்க துப்பாக்கியோட ஏறினாங்க. அவர் கீழ ஓடிப்போய் ரைஃபிள எடுத்துட்டு வந்து ஒருத்தன் கைல சுட்டாரு, அப்புறம் ரைஃபிள் ஜாம் ஆயிடுச்சு. முதுகுல சுட்டு கொன்னுட்டாங்க. அவங்க எடுத்துட்டு போனது என்ன தெரியுமா? ஒரு ரப்பர் டிங்கி (கரைக்குப் போய் வர சின்னப் படகு), அவுட்போர்டு (அதுக்குப் பின்னாடி மாட்டற எஞ்சின்), கேமரா, கைக்கடிகாரம் மாதிரி சில்லறை சாமான். உலகத்தோட தலைசிறந்த கடலோடிகள்ல ஒருத்தர், கடல்ல எதுக்கும் பதறாத ஆள். அவராலயே முடியல.

2016ல பிலிப்பைன்ஸ் தெற்குல சுலு தீவுகள் பக்கம் ராக்கால்னு ஒரு ஜெர்மன் படகு ஆளில்லாம மிதந்துச்சு, உள்ள மனைவியோட உடல், பக்கத்துல ஒரு ஷாட்கன். கணவர அபு சயாஃப்ன்ற தீவிரவாதக் கூட்டம் பிடிச்சுட்டு போய் 2017ல கொன்னுட்டாங்க. அதே தம்பதி 2008ல சோமாலியா கொள்ளைக்காரங்ககிட்ட மாட்டி உயிரோட மீண்டவங்க.

துப்பாக்கி இல்லாதவங்க எல்லாரும் தப்பிச்சாங்கன்னு நான் சொல்ல வரல. 2009ல செஷல்ஸ்ல இருந்து கிளம்பின லின் ரைவல் படகோட பிரிட்டிஷ் தம்பதிய சோமாலியா கொள்ளைக்காரங்க தூக்கிட்டு போய் 388 நாள் வெச்சிருந்தாங்க, பணம் குடுத்து உயிரோட வந்தாங்க. 2011 பிப்ரவரில ஓமனுக்கு வெளிய குவெஸ்ட் படகுல இருந்த நாலு அமெரிக்கர்கள பிடிச்சாங்க, சுத்தி அமெரிக்க போர்க்கப்பல்கள், அதுல ஒண்ணு விமானம் தாங்கிக் கப்பல், பேச்சுவார்த்தை நடந்துட்டு இருக்கும்போதே நாலு பேரையும் கொன்னுட்டாங்க. அவ்ளோ பெரிய கடற்படையே பக்கத்துல நின்னும் காப்பாத்த முடியாத இடத்துல ஒரு ஷாட்கன் என்ன பண்ணியிருக்கும்? அந்த பக்கம் போகாம இருந்தது தான் ஒரே வழி, அந்த வருஷத்துக்கு அப்புறம் நிறைய பேர் அததான் பண்ணாங்க, ஆப்பிரிக்காவ சுத்தி போனாங்க, இல்ல படகயே சரக்குக் கப்பல்ல ஏத்தி மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினாங்க.

கேள்வி: ராத்திரி ஒரு படகு நேரா நம்மள பாத்து வருது. கொள்ளைக்காரனா மீனவனான்னு எப்படி சார் கண்டுபிடிக்கறது?

பதில்: இந்த இதழுக்கு வந்ததுலயே நல்ல கேள்வி இது தான், கேட்டவங்களுக்கு நன்றி.

கண்டுபிடிக்க முடியாது, பெரும்பாலான நேரம். அது தான் பிரச்சனையே. மீனவங்க யாட்டுகிட்ட வரதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு, முன்னாடி வலை விரிச்சிருக்கோம் சுத்திப் போன்னு கை காட்ட வருவாங்க, குடிதண்ணி, சிகரெட் கேப்பாங்க, மீன் விக்க வருவாங்க, சும்மா வேடிக்கை பாக்கவும் வருவாங்க. செங்கடல், ஏமன் பக்கம் மீனவங்களே தங்களோட பாதுகாப்புக்கு துப்பாக்கி வெச்சிருக்கறது உண்டு, அதனால துப்பாக்கி தெரியுது, ஆகவே கொள்ளைக்காரன்னு முடிவு பண்ணவும் முடியாது. ஏணி, கொக்கி தெரிஞ்சா அது வேற விஷயம், ஏணி வெச்சு எவனும் மீன் பிடிக்க மாட்டான்.

2012 பிப்ரவரி 15, என்ரிகா லெக்ஸின்னு ஒரு இத்தாலிய எண்ணெய்க் கப்பல் கேரளாவுக்கு வெளிய போய்ட்டிருந்துச்சு. மேல இருந்த இத்தாலிய கடற்படை வீரங்க கிட்ட வந்த ஒரு படக கொள்ளைக்காரங்கன்னு நெனச்சு சுட்டுட்டாங்க. அது செயின்ட் ஆன்டனின்ற மீன்பிடிப் படகு. ரெண்டு மீனவங்க செத்துட்டாங்க. சுட்டவங்க பயிற்சி எடுத்த ராணுவ ஆளுங்க, உயரமான தளத்துல நின்னவங்க, நேரம் சாயங்காலம், இருட்டு கூட ஆகல. ரெண்டு நாட்டுக்கு நடுவுல பெரிய சண்டை ஆகி, சர்வதேச நடுவர் மன்றம் வரைக்கும் போய், 10 கோடி ரூபாய் இழப்பீடு வாங்கி 2021ல தான் இந்தியால கேஸ முடிச்சாங்க. தூக்கக் கலக்கத்துல எழுந்து கண்ணாடி தேடிப் போட்டுகிட்டு வெளிய வர நாம அவங்கள விட நல்லா அடையாளம் கண்டுபிடிச்சுடுவோமா? சுட்டது மீனவனா இருந்தா அடுத்த துறைமுகத்துல நீங்க கொலைகாரர், அது வெளிநாடு, கோர்ட்டு பேசற மொழி உங்களுக்குத் தெரியாது. துப்பாக்கி வேண்டாம்னு நான் சொல்றதுக்கு காரணம் ஒண்ணே ஒண்ணு தான் சொல்லணும்னா இத தான் சொல்வேன், கஸ்டம்ஸ் தொல்லை எல்லாம் இதுக்கு அப்புறம்.

கேள்வி: சொல்லாம கொள்ளாம எங்கயாவது ஒளிச்சு வெச்சுட்டா?

பதில்: படகுல ஒளிக்கற இடம் எதெல்லாம்னு உங்களுக்கு முன்னாடியே கஸ்டம்ஸ்காரங்களுக்கு தெரியும், போதைப்பொருள் தேடித் தேடி அவங்க கைக்கு மூலை முடுக்கெல்லாம் பழக்கம். பில்ஜுல, அதாவது படகோட அடிப்பள்ளத்துல, தண்ணி டேங்குக்கு பின்னாடி, மெத்தைக்கு கீழன்னு நீங்க யோசிக்கறது எல்லாம் அவங்க முதல்ல பாக்கற இடம். துப்பாக்கி கூட வேண்டாம், தோட்டாவே போதும். டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகள்ல 2024ல சில அமெரிக்க சுற்றுலாப் பயணிங்க, பைல எப்பவோ வேட்டைக்கு போனப்ப போட்டு மறந்த தோட்டாக்களோட ஏர்போர்ட்ல மாட்டினாங்க, அந்த ஊர் சட்டப்படி குறைஞ்சபட்ச தண்டனையே 12 வருஷம். நீதிமன்றம் சூழ்நிலைய பாத்து அபராதத்தோட விட்டுச்சு, அந்த வருஷமே சட்டத்தையும் திருத்தினாங்க, ஆனா அதுவரைக்கும் குடும்பத்த பிரிஞ்சு அந்த தீவுலயே கிடந்தாங்க. மறந்து கொண்டு போனவங்களுக்கே இந்த கதின்னா, வேணும்னே ஒளிச்சவங்களுக்கு? பல இடத்துல படகயே பறிமுதல் பண்ணிடுவாங்க, அது உங்க வீடும் கூட.

இன்னொண்ணு, ஒளிச்சு வெச்ச துப்பாக்கிய அவசரத்துல எடுக்க முடியாது. ஸ்க்ரூ டிரைவர் தேடிட்டு இருப்பீங்க.

கேள்வி: ஆபத்துல வெளிச்சம் காட்டற ஃப்ளேர் கன், பெப்பர் ஸ்ப்ரே, மீன் குத்தற ஸ்பியர் கன் இதெல்லாம் ஆயுதத்துல சேராதுல்ல?

பதில்: சேரும். பெப்பர் ஸ்ப்ரே பிரிட்டன்ல தடை செஞ்ச ஆயுதம், துப்பாக்கிச் சட்டத்துலயே அதுவும் வருது. ஃப்ளேர் சுடற பிஸ்டல அங்க லைசென்ஸ் இல்லாம வெச்சுக்க முடியாது, கைல பிடிக்கற ஃப்ளேர் தான் பரவால்ல. துப்பாக்கிய படகுல வெச்சுக்க விடற பஹாமாஸ்லயே ஸ்பியர் கன்ன வெச்சு மீன் பிடிக்கக்கூடாது, ரப்பர் இழுத்து விடற கம்பி மட்டும் தான், சிரிப்பு வந்தாலும் சட்டம் சட்டம் தான். ஃப்ளேர் ஆபத்துல இருக்கோம்னு சொல்றதுக்கு, ஆள அடிக்கறதுக்கு இல்ல. பாய், பெட்ரோல் கேன், கேஸ் சிலிண்டர் எல்லாம் இருக்கற இடத்துல அத குறி தப்பி விட்டா எரியறது நம்ம படகு. அதோட, பிளாஸ்டிக் ஃப்ளேர் கன்னுக்குள்ள ஷாட்கன் தோட்டா நுழையுதுன்னு எவனாவது வீடியோ காட்டினா நம்பாதீங்க, அந்த அழுத்தத்த அது தாங்காது, வெடிச்சா போறது உங்க கை.

கேள்வி: பொம்மைத் துப்பாக்கி காட்டி பயமுறுத்தலாமா?

பதில்: எதிர்ல இருக்கறவன் கைல இருக்கறது பொம்மை இல்லையே.

கேள்வி: அப்ப கைய கட்டிகிட்டு உக்காரணுமா? துப்பாக்கி இல்லாம என்ன தான் செய்யறது, அத சொல்லுங்க.

பதில்: நிறைய செய்யலாம், ஆனா எல்லாம் முன்னாடியே செய்யணும். முதல் வேலை எங்க போறதுன்னு முடிவு பண்றது. கோலாலம்பூர்ல ஐஎம்பி, அதாவது சர்வதேச கடல்சார் பணியகத்தோட கடற்கொள்ளை தகவல் மையம் இருக்கு, 1992ல இருந்து நடத்தறாங்க, எங்க எப்ப என்ன நடந்துச்சுன்னு மேப்போட போடுவாங்க. கரீபியன் பக்கம்னா கரீபியன் சேஃப்டி அண்ட் செக்யூரிட்டி நெட்னு ஒண்ணு, யாட்காரங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லி சேத்து வெச்ச தகவல், எந்த வளைகுடால டிங்கி காணாம போகுது, எங்க ஏறி மிரட்டறாங்கன்னு இடம் இடமா இருக்கும். இந்தியப் பெருங்கடல் மேற்குப் பக்கம்னா பிரிட்டிஷ் கடற்படை நடத்தற யூகேஎம்டிஓன்ற தகவல் மையத்துல பதிவு பண்ணிட்டு போகணும், ஆனா அந்த பக்கம் யாட்டுல போகாதீங்கன்றது தான் அவங்களோட முதல் அறிவுரையே.

கரீபியன் பட்டியல படிச்சா ஒண்ணு புரியும், திருடனுக்கு வேண்டியது நீங்க இல்ல, உங்க டிங்கியும் அவுட்போர்டும். ராத்திரி டிங்கிய தண்ணில மிதக்க விடாதீங்க, கப்பியில மாட்டி மேல தூக்கி சங்கிலி போட்டு பூட்டுங்க. சங்கிலிக்கு பதிலா மெல்லிசான கம்பிக் கயிறு வேண்டாம், கட்டர்ல அறுக்க ஒரே நொடி. பின்பக்க ஏணிய மடக்கி வைங்க, இது ஒண்ண நிறைய பேர் மறக்கறாங்க, வாங்க வாங்கன்னு வாசல் திறந்து வெச்ச மாதிரி அது. அப்புறம் தூங்கற இடம். வெப்பமான இடத்துல ஹட்ச, அதாவது டெக்குல இருக்கற மேல்கதவ, மூடிட்டு தூங்க முடியாது, அதனால உள்பக்கமா ஸ்டீல் கம்பி கிரில் ஒண்ணு அடிச்சு, உள்ள இருந்து மட்டும் திறக்கற மாதிரி பூட்டு வைங்க, தீ பிடிச்சா நீங்க சாவி தேடாம வெளிய வரணும், அத மறந்துட்டு பூட்டாதீங்க. காத்து வரும், ஆள் வர முடியாது. என்னைக் கேட்டா ஒரு ஷாட்கன் வாங்கற காசுக்கு இந்த கிரில் தான் முதல் செலவு.

ஏறினதும் தெரியணும். டெக்குல கால் பட்டா சத்தம் போடற சென்சார் கிடைக்குது, மோஷன் லைட்டு கிடைக்குது. படுக்கைல இருந்தே டெக் லைட்டு மொத்தத்தையும் போடற சுவிட்ச், பக்கத்துலயே ஒரு ஏர் ஹார்ன். இருட்டுல வந்தவனுக்கு வெளிச்சமும் சத்தமும் தான் பிடிக்காது, பக்கத்து படகு முழிச்சுக்கும்னு தெரிஞ்சா பெரும்பாலும் ஓடிடுவான். அதனால தனியா அழகான வளைகுடா கிடைச்சுதுன்னு ஒதுங்கி நிக்கறத விட நாலு படகு நிக்கற இடம் நல்லது, அழகு பகல்ல போய் பாத்துக்கலாம். படகுக்குப் படகு பேசற விஎச்எஃப் ரேடியோவ ராத்திரில ஆஃப் பண்ணாதீங்க, அதுல ஆபத்துன்னு தானா செய்தி அனுப்பற டிஎஸ்சி சிவப்பு பட்டன் எப்படி அழுத்தறதுன்னு மனைவிக்கும் தெரியணும், உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா போதாது, தலைல அடி வாங்கப் போறது நீங்களா இருக்கலாம்.

அப்படியும் ஆயுதத்தோட ஏறிட்டானா? குடுத்துடுங்க. அதுக்குன்னே ஒரு பழைய பர்ஸ், அதுல ஓரளவு பணம், காலாவதியான கார்டு, பழைய ஃபோன் எல்லாம் கைக்கு எட்டற இடத்துல வைங்க, பர்ஸ் காலியா இருந்தா நம்ப மாட்டான். பாஸ்போர்ட்டும் மிச்ச பணமும் வேற இடத்துல. கண்ண பாத்து முறைக்காதீங்க, மூஞ்சிய அடையாளம் வெச்சுக்கறேன்னு காட்டிக்காதீங்க, வேகமா கைய அசைக்காதீங்க. இன்சூரன்ஸ் இருக்கறது எதுக்கு?

கேள்வி: வட துருவப் பக்கம் போறோம், நார்வேயோட ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு. அங்க துப்பாக்கி கட்டாயம்னு சொல்றாங்களே?

பதில்: ஆமா, இங்க நான் கட்சி மாறிடுவேன். ஸ்வால்பார்ட்ல ஊர் எல்லைய தாண்டி கால் வெச்சா பனிக்கரடிய விரட்டறதுக்கு ஏத்த சாதனம் கைல இருக்கணும்னு சட்டமே சொல்லுது, துப்பாக்கியும் கூட வெச்சுக்கோங்கன்னு கவர்னர் அலுவலகம் பரிந்துரைக்குது. முன்கூட்டி விண்ணப்பிச்சு அனுமதி வாங்கிட்டு ரைஃபிள அங்கயே வாடகைக்கு எடுக்கலாம், ஊர் ஊரா கஸ்டம்ஸ் தாண்டி தூக்கிட்டு வர வேண்டியதில்ல. 2020ல லாங்இயர்பியென் ஊர் பக்கத்து கேம்பிங் இடத்துலயே ஒருத்தர கரடி கொன்னுடுச்சு, அதனால இது சும்மா பயமுறுத்தல் இல்ல. ஆனா கரடி பாதுகாக்கப்பட்ட விலங்கு, முதல்ல சத்தம் வெடிக்கற சிக்னல் பிஸ்டல், ரைஃபிள் கடைசி கடைசியா தான், சுட்டா விசாரணை உண்டு. 2025ல இருந்து கரடிகிட்ட இருந்து 300 மீட்டர் தள்ளி நிக்கணும், மார்ச் 1ல இருந்து ஜூன் 30 வரைக்கும் 500 மீட்டர். படகுல இருந்துகிட்டே ஃபோட்டோ எடுக்கறவங்களுக்கும் இது பொருந்தும். ஊருக்குள்ள வரும்போது தோட்டா ஏத்தியிருக்கக்கூடாது. கரடிய பொறுத்தவரை அது மீனவனா கொள்ளைக்காரனான்ற சந்தேகம் வராது பாருங்க, அதான் வித்தியாசம்.

கேள்வி: நீங்க என்ன சொன்னாலும் நான் எடுத்துட்டு தான் போவேன். என்னென்ன பாக்கணும்?

பதில்: சரி, உங்க இஷ்டம். போற ஒவ்வொரு நாட்டோட விதியையும் கிளம்பறதுக்கு முன்னாடி அந்த நாட்டு கஸ்டம்ஸ்கிட்டயோ தூதரகத்துகிட்டயோ எழுத்துல வாங்குங்க, போன வருஷம் போய்ட்டு வந்தவர் சொன்னாருன்றது கணக்குல வராது. எல்லா இடத்துலயும் கேக்காமலே சொல்லிடுங்க, தோட்டாவ எண்ணி எழுதுங்க, எழுதினத விட ஒண்ணு குறைஞ்சாலும் எங்க சுட்டன்னு கேப்பாங்க. அமெரிக்கால இருந்து கிளம்பறவங்க 4457னு ஒரு ஃபார்ம்ல கஸ்டம்ஸ் முத்திரை வாங்கிட்டு போனா திரும்பி வரும்போது இது உன்னோடது தானான்னு பிரச்சனை வராது. கைத்துப்பாக்கிய மறந்துடுங்க, நீளமான துப்பாக்கிய ஒத்துக்கற பல நாடுகள் கூட அத பாத்தா மூஞ்சி சுளிக்கும். சீல் வைக்கற மாதிரி ஸ்டீல் பெட்டி படகோட போல்ட் போட்டு இருக்கணும். உப்புக் காத்துல சாதாரண இரும்பு கொஞ்ச நாள்லயே துருப்பிடிக்கும், மாஸ்பெர்க் கம்பெனில மரைனர்னு உப்பு தாங்கற பூச்சோட தனி மாடலே போடறாங்க, ஆனா தோட்டாவுக்கு அந்த பூச்சு கிடையாது, அதயும் மாத்திட்டே இருக்கணும். சீமாஸ்டர்ல ஜாம் ஆனத மறக்காதீங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லணும், மறைச்சா பின்னாடி க்ளெய்ம்ல கை விரிச்சுடுவாங்க. முக்கியமா, படகுல கூட வரவங்க எல்லாரும் சம்மதிக்கணும், ஏன்னா மாட்டினா ஜெயிலுக்கு போறது நீங்க மட்டும் இல்ல, அந்த சீமேன் கார்டு கேஸ்ல காவலருங்க மட்டும் இல்ல, கப்பல் சிப்பந்திங்களும் உள்ள இருந்தாங்க.

கேள்வி: எங்க படகுல அவுட்போர்டு திருடு போச்சு. சின்ன திருட்டு தானே, போலீஸுக்கு போகணுமா சார்?

பதில்: போகணும். இன்சூரன்ஸுக்கு போலீஸ் ரிப்போர்ட் இல்லாம ஒண்ணும் நகராது, எஞ்சின் சீரியல் நம்பர ஃபோட்டோ எடுத்து வெச்சிருந்தீங்கன்னா வேலை சுலபம். அப்படியே அந்த வட்டாரத்து யாட் பாதுகாப்பு தளத்துலயும் இடம், நேரம், பூட்டியிருந்துச்சா இல்லையான்னு நாலு வரி எழுதிப் போட்டுடுங்க, அடுத்த வாரம் அதே வளைகுடால நங்கூரம் போட வரவங்க படிப்பாங்க.